கோலத்தில் விழுந்த ஆயில் சொட்டு

அம்மாதான் முதலில் பார்த்தாள். "டேய், உன் வண்டி மறுபடியும் என் வாசலைக் கறை பண்ணிடுச்சு. எத்தனை தடவை தேய்ச்சாலும் போகலை, வந்து பாரு." காலையில் நான் வண்டியை எடுத்த பிறகு அதே இடத்தில்தான் கோலம் போடுவாள். அன்றைக்குப் புள்ளிகளுக்கு நடுவே அவள் வைக்காத ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

வண்டி அப்பா 1998-ல் வாங்கியது. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் என்று சொன்னால் போதும், எந்தக் கார் என்று தெரிந்துவிடும்: மாருதி 800. ஓடியது 1,12,000 கிலோமீட்டர். இந்த வயதில் ரப்பர் சீல் ஒழுகுவதை வண்டியின் குற்றம் என்று சொல்ல முடியாது. 2023-ல் ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டினேன். 2022 ஏப்ரலுக்கு முன்னால் அதற்கு வெறும் 600 ரூபாய்தான். அது 2028 வரை செல்லும், அதுவரை இந்த வண்டியை விடுவதாக இல்லை.

தெருமுனை மெக்கானிக் அண்ணன் அடியில் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். "இன்ஜின் பின்பக்க சீல் போயிடுச்சு சார். கியர் பாக்ஸை இறக்கணும். இறக்குறதுதான் இறக்குறோம், கிளட்ச் செட்டையும் மாத்திடலாம். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் வரும்." அவர் சொன்னதில் பொய் இல்லை. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில்தான் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், நின்றால் அது கீழே இறங்கும். சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. "ஒரு மாசம் டைம் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் வாரம்: அளவு

எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. மகளின் பழைய பால் புட்டியில் மில்லி கோடுகள் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு "ஆயில், தொடாதே" என்று மார்க்கரில் எழுதி வைத்தேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்து, மேல்கோடு வரை ஊற்றி ஆரம்பித்தேன். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி மேல்கோட்டுக்குக் கொண்டுவர 300 மில்லி தேவைப்பட்டது. மொத்தமே ஏறக்குறைய மூன்று லிட்டர் பிடிக்கும் இன்ஜினுக்கு இது அதிகம்.

ஆயில் வெளியேதான் போகிறதா, உள்ளே எரிகிறதா என்பது அடுத்த கேள்வி. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் நீலப்புகை வரவில்லை. பிளக் மூன்றையும் கழற்றிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தன. ஆக, ஒழுகல்தான்.

இடையில் ஒரு விஷயம். "ஆயில் லைட் எரியலையே, அப்புறம் என்ன?" என்று நண்பன் கேட்டான். அந்த லைட் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை, அழுத்தம் போய்விட்டால்தான் எரியும். அது எரிந்த பிறகு டிப்ஸ்டிக்கைத் தேடினால் பேரிங்கையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாம் வாரம்: பவுடர்

27 வருட அழுக்கின் மேல் எந்தக் கசிவும் தெரியாது. அரை லிட்டர் டீசல், ஒரு பெயின்ட் பிரஷ், பழைய வேட்டித் துணி. ஆறிய இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தருவது), கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர் மூன்றுக்கும் பாலித்தீன் கவர் கட்டிவிட்டுத் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. சந்தேகமான இடங்களில் எல்லாம் பவுடர் தூவ வேண்டும். கையருகில் கோலமாவு டப்பா இருந்தது, எடுத்தும் விட்டேன். நல்லவேளை, உறைத்தது: கோலமாவு கல்பொடி, இன்ஜினுக்குள் துளி போனாலும் உப்புத்தாள் வேலை செய்யும். முகப்பவுடருக்கு மாறினேன்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போய்த் திரும்பினேன், சுமார் 60 கிலோமீட்டர். பானட்டைத் திறந்து, டார்ச்சும் ஷேவிங் கண்ணாடியுமாக எட்டிப் பார்த்தால், நெற்றியில் பூசிய திருநீற்றில் வியர்வை வழிந்த மாதிரி ஒரு கோடு. இன்ஜினின் மேல்மூடியான டாப் கவரின் கியர் பாக்ஸ் பக்க மூலையில் தொடங்கி, டிஸ்ட்ரிபியூட்டர் அடியைத் தொட்டு, நேராகக் கியர் பாக்ஸ் மேல் இறங்கியிருந்தது. அங்கிருந்து சுற்றிக்கொண்டு அடியில் போய்ச் சொட்டாகிறது. ஒழுகலைக் கீழிருந்து பார்க்கக்கூடாது, ஈரம் எங்கே உச்சத்தில் இருக்கிறதோ அங்கிருந்து பார்க்க வேண்டும் என்பார்கள். அதை அன்றைக்குக் கண்ணால் கண்டேன்.

டைமிங் பெல்ட் பக்கம் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி அதுதான். பெல்ட்டில் ஆயில் பட்டால் ரப்பர் ஊறிப்போகும், அந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் சொட்டினாலும் அப்படித்தான், தீப்பிடிக்கக்கூட வாய்ப்புண்டு.

மூன்றாம் வாரம்: பேக்கிங், இரண்டு முறை

கசிந்தது டாப் கவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் பேக்கிங். அதை மாற்றுவதற்கு முன் அது ஏன் போனது என்று பார்த்தேன். டாப் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் குழாயைக் கழற்றி வாயால் ஊதினால் காற்றே போகவில்லை. உள்ளே வண்டல் அப்பி, நடுவில் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே வரும் வாயு இந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். இதைச் சரி செய்யாமல் புது பேக்கிங் போட்டிருந்தால் ஆறே மாதத்தில் அதுவும் கசிய ஆரம்பித்திருக்கும்.

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் பேக்கிங் 90 ரூபாய், குழாய் 60. பழைய பேக்கிங் கவரோடு வரவில்லை, அப்பளம் போல் நொறுங்கித் துண்டு துண்டாக வந்தது. துண்டுகள் உள்ளே விழாமல் இருக்க கேம்ஷாஃப்டைத் துணியால் மூடிவிட்டு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டினேன். மூலைகளில் மட்டும் அனபாண்ட் பசை ஒரு பொட்டு. கடைக்காரர் டியூப்பைத் தரும்போதே, "அள்ளிப் பூசிடாதீங்க தம்பி, உள்ள பிதுங்குனது பிஞ்சு விழுந்து ஆயில் சல்லடையை அடைச்சுக்கும்" என்று எச்சரித்திருந்தார்.

அதில் ஜாக்கிரதையாக இருந்தவன் போல்ட்டில் கோட்டை விட்டேன். கடைசி போல்ட்டை "இன்னும் கொஞ்சம்" என்று திருகினேன். பேக்கிங் ஓரத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. 90 ரூபாய் போச்சு. மறுநாள் மறுபடி ஜி.பி. ரோடு. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார். இரண்டாவது முறை நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக, குட்டி ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து மட்டும் இறுக்கினேன்.

நான்காம் வாரம்: ஓ-ரிங்

மறுபடி பவுடர், மறுபடி செங்கல்பட்டு. டாப் கவர் மூலை காய்ந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் மட்டும் மெல்லிய ஈரம். அங்கே ஓ-ரிங் என்று ஒரு ரப்பர் வளையம் உண்டு, விலை 20 ரூபாய். அதற்காக டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்ற வேண்டும், கழற்றினால் பிளக்கில் பொறி விழும் நேரம் (இக்னிஷன் டைமிங்) நகர்ந்துவிடும். மனைவியின் நகப்பூச்சை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்கும் அது உட்காரும் இடத்துக்கும் குறுக்கே ஒரு கோடு, அதனுள் சுற்றும் ரோட்டர் பார்க்கும் திசைக்கு ஒரு புள்ளி வைத்தேன். பழைய ரிங் கண்ணாடி வளையல் மாதிரி படக்கென்று உடைந்தது.

மாட்டி ஸ்டார்ட் செய்தால், கார்புரேட்டர் வழியாக டப் என்று ஒரு வெடி. அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். கியர் பல் சாய்வானது என்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் இறங்கும்போது ரோட்டர் தானாகவே கொஞ்சம் சுற்றும். அதைக் கணக்கில் எடுக்காமல் ஒரு பல் தள்ளி உட்கார வைத்திருக்கிறேன். புள்ளிக்கு முன்னாலேயே ரோட்டரை வைத்து இறக்கினால், சுற்றிக்கொண்டு போய்ச் சரியாகப் புள்ளியில் நின்றது. இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அதற்கப்புறம்

அடுத்த 500 கிலோமீட்டருக்குப் பால் புட்டி சொன்ன கணக்கு 40 மில்லி.

பூஜ்யம் ஆகவில்லை. கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் இன்னும் லேசான ஈரம். விரலில் தொட்டு முகர்ந்தேன். கியர் ஆயிலுக்கு வரும் அழுகின முட்டை வாடை இல்லை, இன்ஜின் ஆயில்தான். ஆக, மெக்கானிக் அண்ணன் சொன்ன பின் சீலும் கொஞ்சம் கசிகிறது. அவர் சொன்னதில் ஏழெட்டில் ஒரு பங்கு சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளட்ச் எப்படி என்று சோதித்தேன். ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் உடனே நின்றது. நழுவவில்லை, கிளம்பும்போது உதறலும் இல்லை. அப்படியானால் கிளட்ச் தட்டில் ஆயில் படவில்லை, தட்டுக்கும் ஆயுள் இருக்கிறது. 40 மில்லிக்காக நல்ல கிளட்ச்சைப் பிரிக்க மனம் வரவில்லை. அது தேய்ந்து எப்படியும் கியர் பாக்ஸ் இறங்கும் நாளில் சீலையும் மாற்றிக்கொள்ளலாம். 500 கிலோமீட்டருக்கு 100 மில்லியைத் தாண்டினாலோ கிளட்ச் உதறினாலோ அதற்கு முன்பே இறக்கிவிடுவேன். ஆயில் ஒழுகலை நிறுத்தும் திரவம் ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. ரப்பரை ஊதவைத்து நிறுத்தும் வித்தை அது, 27 வயது ரப்பரிடம் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம்.

இதுவரை செலவு: பேக்கிங் இரண்டு, குழாய், ஓ-ரிங், அனபாண்ட், டீசல் என்று ஐந்நூறுக்குள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் நகப்பூச்சையும் கணக்கில் சேர்க்கவில்லை.

மெக்கானிக் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "சரி சார், கிளட்ச் வர்றப்போ வாங்க, சீல் ரெண்டா வாங்கி வைங்க, கியர் பாக்ஸ் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு" என்றார். இன்ஜின் பக்கம் ஒன்று, கியர் பாக்ஸ் பக்கம் ஒன்று என இரண்டையும் வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுகிறேன். காலையில் அதில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு வட்டம், சில நாள் அதுவும் இல்லை. அம்மா கோலத்தை ஓரடி தள்ளிப் போட ஆரம்பித்துவிட்டாள்.