கல்லுவின் மூச்சுச் சத்தம்

கல்லு எங்கள் வீட்டு ஆமை. சல்காட்டா இனம், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்த தரை ஆமை. திருப்பூரில் இருந்தவரை வெயில், புல், ஒரு தட்டில் தண்ணீர், இவ்வளவுதான் அதற்குத் தேவைப்பட்டது. கணவருக்குக் கோத்தகிரிக்கு மாற்றல் வந்து ஜூன் மாதம் குடிவந்தபோது ஒரு கூடையில் வைத்து அதையும் மலையேற்றினோம். அப்போது எடை 3 கிலோ 200 கிராம்.

ஆமை என்றதும் பலர் நட்சத்திர ஆமையைத்தான் நினைப்பார்கள். அது நம் காட்டு விலங்கு, வீட்டில் வைத்திருப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சல்காட்டா வெளிநாட்டு இனம். ஆனாலும் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், செய்திருக்கிறோம்.

ஜூன், ஜூலையில் பிரச்சினை எதுவும் இல்லை. உதகை, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கோத்தகிரியில் தூறலோடு போய்விடும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அந்த வருஷம் கார்த்திகையில் ஐந்து நாள் விடாத மழை. அது விட்டதும் பனிமூட்டம் இறங்கியது. மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

அப்போதுதான் பெண் வந்து, "அம்மா, கல்லு விசில் அடிக்குது" என்றாள்.

நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆமையைத் தூக்கினால் தலையைச் சட்டென்று உள்ளே இழுக்கும், அந்த நேரத்தில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். தலையும் காலும் ஓட்டுக்குள் போகும்போது நுரையீரலில் இருக்கும் காற்று வெளியே தள்ளப்படுவதால் வரும் சத்தம் அது. நோய் இல்லை. இதுவும் அதுதான் என்று நான்கு நாள் விட்டுவிட்டேன். அந்த நான்கு நாளை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. யாரும் தொடாமல், சும்மா படுத்திருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் சத்தம் வந்தால் அது வேறு. கல்லுவுக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. மூச்சு உள்ளே போகும்போது மெல்லிய விசில், வெளியே வரும்போது ஈரமாக ஒரு 'டக்'. ஐந்தாம் நாள் காலையில் மூக்குத் துவாரத்தில் சின்னக் குமிழி ஒன்று ஊதி உடைந்தது. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. முந்தின நாள் வைத்த புல் அப்படியே கிடந்தது.

எங்கள் வீட்டில் வெப்பமானி சுவரில், தலை உயரத்தில் மாட்டியிருந்தது. அது 19 டிகிரி காட்டியது. அதைக் கழற்றி, கல்லு படுக்கும் மூலையில் சிமென்ட் தரையில் வைத்தேன். அரை மணி நேரத்தில் 14க்கு இறங்கிவிட்டது. அதுவும் பகலில். இரவில் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. நாம் நின்றுகொண்டு உணரும் குளிர் வேறு, தரையோடு தரையாக வாழும் ஆமை உணரும் குளிர் வேறு.

பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய்த் தங்கள் கரியடுப்பில் கங்கு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். இந்த ஊரில் குளிருக்கு எல்லோரும் செய்வதுதான். கொஞ்ச நேரத்தில் அறை சூடானது, ஆனால் மூச்சுச் சத்தம் இன்னும் கூடியது. புகைதான் காரணம் என்று புரிந்து அடுப்பை வெளியே எடுத்தோம். "தைலம் போட்டு ஆவி பிடிச்சா சரியாயிரும் கண்ணு" என்றும் சொன்னார். யூகலிப்டஸ் தைலம் இல்லாத வீடு நீலகிரியில் ஏது? பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன். புகைக்கே இப்படி ஆனதே என்று ஏதோ ஒரு தயக்கம் வந்து வைத்துவிட்டேன். பிறகு மருத்துவரிடம் கேட்டபோது, அந்த நெடி வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயை இன்னும் எரிச்சலூட்டும், நல்லவேளை செய்யவில்லை என்றார்.

உள்ளூர்க் கால்நடை மருத்துவர் பார்த்ததுமே, "நான் மாடு, நாய் பார்க்கிறவன். ஆமைக்கு ஊசி போட்டுப் பழக்கமில்லை, தாமதிக்காமல் கோவைக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கோவையில் பறவை, ஊர்வன பார்க்கும் ஒரு மருத்துவரைத் தேடிப் பிடித்து மறுநாளுக்கு நேரம் வாங்கினோம்.

கிளம்பும் முன் செய்த ஒரு காரியம் மிகவும் உதவியது. இரவு அமைதியாக இருந்தபோது போனை கல்லுவின் மூக்கருகே வைத்து இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டேன். காலையில் தெர்மோகோல் பெட்டியில் துண்டு விரித்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்றை ஓரமாக வைத்து, மூடியில் ஓட்டைகள் போட்டுப் புறப்பட்டோம். மலைப்பாதை இறங்க இறங்க வெயில் ஏறியது. மேட்டுப்பாளையம் வந்தபோது கல்லு தலையை நீட்டிச் சுற்றிப் பார்த்தது, சத்தமும் பாதியாகக் குறைந்திருந்தது. வீடியோ இல்லாமல் போயிருந்தால் மருத்துவர் முன்னால் அது ஏறக்குறைய நன்றாக இருக்கும் ஆமையாகத்தான் தெரிந்திருக்கும்.

மருத்துவர் எடை பார்த்தார். 2 கிலோ 950 கிராம். மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்தார். மேலிருந்து ஒன்றும் முன்பக்கமிருந்து ஒன்றுமாக எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்பக்கப் படத்தில்தான் இரண்டு நுரையீரலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட முடியுமாம். இடது பக்கம் லேசாக மங்கலாக இருந்தது. நிமோனியாவின் தொடக்கம் என்றார்.

அவர் சொன்னதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. நமக்கு இருப்பதுபோல ஆமைக்கு உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சிழுக்க உதவும் தசை, கிடையாது. ஓட்டுக்குள் இருக்கும் தசைகளையும் கால்களின் அசைவையும் வைத்துத்தான் மூச்சு விடுகிறது. அதனால் நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்ற அதற்கு வழியில்லை, சளி உள்ளேயே தேங்கும். நம் காதுக்குச் சத்தம் கேட்கிறது என்றால் நோய் நேற்று இன்று வந்ததாக இருக்காது. உடம்புச் சூட்டை அது வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது, குளிரில் நோய் எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிடும். "ஊசி நான் போடுறேன் மேடம். ஆனா உடம்பு சூடா இல்லேன்னா அந்த ஊசி வேலை செய்யாது" என்றார்.

செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாட்டிக், மூன்று நாளுக்கு ஒன்று என்று ஆறு ஊசி. ஊர்வனவற்றின் உடம்பிலிருந்து மருந்து மெதுவாக வெளியேறுவதால் தினமும் தேவையில்லை. முன்னங்காலில்தான் போட வேண்டும், பின்னங்கால் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும், மருந்து உடம்பில் பரவும் முன்னே வெளியேறிவிடலாம் என்று விளக்கினார். இரண்டாவது ஊசிக்கும் போயிருந்தபோது எனக்குக் கற்றுக்கொடுத்தார், மீதி நான்கையும் வீட்டிலேயே போட்டேன். அளவு எடையைப் பொறுத்தது, அதனால் இங்கே எழுதவில்லை.

ஊசியைவிடக் கடினமாக இருந்தது சூடு. தச்சரிடம் சொல்லி நான்கடிக்கு மூன்றடியில் பிளைவுட் பெட்டி செய்தோம். தெர்மோகோலை வெளிப்பக்கம் ஒட்டினோம், உள்ளே ஒட்டினால் கடித்துத் தின்றுவிடும். பகலுக்குக் கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய, குஞ்சுகளுக்குப் போடும் சிவப்பு பல்ப். இரவுக்கு வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டர், அதற்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். எல்லாம் பீங்கான் ஹோல்டரில், சங்கிலியில் மேலிருந்து தொங்கின. சூடு மேலிருந்துதான் வர வேண்டும், அடியில் மின்கம்பளம் போட்டால் வயிற்று ஓடு பொசுங்குவதுகூட அதற்கு உறைக்காமல் போகலாம். பல்புக்கு நேர்கீழே 35 டிகிரி, இரவிலும் 26க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது மருத்துவர் வைத்த கணக்கு. வெப்பமானி இந்த முறை கல்லுவின் முதுகு உயரத்தில்.

மூன்றாம் நாள் இரவு கரண்ட் போய்விட்டது. மரம் விழுந்து கம்பி அறுந்ததாகச் சொன்னார்கள். பெட்டியைக் கம்பளியால் போர்த்தி, காற்றுக்கு ஓரத்தில் இடம் விட்டு, கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, ஒன்றரை மணிக்கொரு தடவை பாட்டில்களை மாற்றினோம். கணவரும் நானும் முறை வைத்து விழித்திருந்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு 24 டிகிரி இருந்தது. அதற்கே நிம்மதியாக இருந்தது.

தினமும் காலையில் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் உட்கார வைத்தேன். உடம்பில் நீர் குறைந்தால் சளி கெட்டியாகிவிடும். எடுத்ததும் ஈரம் துளிகூட இல்லாமல் துடைத்துவிடுவேன், குளிரும் ஈரமும் சேரவே கூடாது. பிறகு வெறும் சலைன் (உப்புநீர்) போட்டு, அதை மூச்சில் போகும் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர், காலையும் மாலையும் கால் மணி நேரம். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம், ஆமையிடமிருந்து சால்மொனெல்லா என்ற வயிற்றுக் கிருமி தொற்ற வாய்ப்புண்டு.

ஆறாம் நாள் குமிழி நின்றது. ஒன்பதாம் நாள் இரவில் விசில் இல்லை, 'டக்' மட்டும் எப்போதாவது. பத்தாம் நாள் பெண் வேலியோரத்துக் கிக்குயு புல்லைக் கொத்தாகப் பறித்து நீட்டினாள். கல்லு முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வாய் கடித்து இழுத்தது. அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார். சரியாகத் தின்கிறது என்று ஊசியை நிறுத்தலாமா என்று எனக்கும் ஒரு எண்ணம் வந்தது, நிறுத்தவில்லை. ஆறும் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் இடது பக்கம் தெளிந்திருந்தது. மாசி முடிவில் எடை பழைய 3 கிலோ 200ஐத் தாண்டியது.

இந்த வருஷம் புரட்டாசியிலேயே பெட்டியைத் துடைத்து ஹீட்டரை ஓட்டிப் பார்த்துவிட்டோம். கல்லு பகலில் வெயில் இருந்தால் தோட்டத்தில் மேயும். மாலையில் பனி இறங்கத் தொடங்கியதும் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார்: "ஆமையை உள்ளே எடுத்தாச்சா கண்ணு?"