தேருக்கு முந்தின நாள் போன பணம்

நெல்லையப்பர் ஆனித் தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் என் கணக்கிலிருந்து 1,24,498 ரூபாய் போனது. சேர்த்து வைத்த பணம்கூட இல்லை, சொசைட்டி லோன். இரண்டு நாள் முன்புதான் கணக்கில் வந்து விழுந்திருந்தது.

முக்கூடல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை நான். வீடு பேட்டையில். ஆசிரியர்களுக்கான கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் பதினெட்டு வருஷமாக உறுப்பினர். மாதாமாதம் சம்பளத்தில் சிக்கனச் சேமிப்புக்கு ஒரு பிடித்தம், கடன் வாங்கினால் தவணைக்கு இன்னொரு பிடித்தம். கூட வேலை பார்க்கிற இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். மகள் காலேஜ் ஃபீஸுக்கும், ஒழுகுகிற மாடித் தளத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் கடனை எடுத்தேன்.

அன்றைக்கு ஏழரை மணி இருக்கும். தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் டீச்சர் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல். ‘ஆர்டிஓ சலான்’ என்று பெயர், கடைசியில் ஏபிகே, அதாவது போனில் செயலியை ஏற்றுகிற ஃபைல். யாரோ அனுப்பியிருந்தால் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் வண்ணார்பேட்டையில் ஹெல்மெட் போடாமல் போய் போலீஸ்காரர் படம் பிடித்திருந்தார். அந்தக் கதையை அதே டீச்சரிடம் சொல்லிச் சிரித்தும் இருந்தேன். சரி, நமக்காகத்தான் பார்த்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். ஃபைலைத் தட்டினேன். இன்ஸ்டால் செய்யவா என்றது, ஆமாம். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, ஆமாம். அபராதத்தைப் பார்க்க முதலில் ஒரு ரூபாய் கட்டச் சொல்லி டெபிட் கார்டு நம்பரும் அதன் ரகசிய ‘பின்’ நம்பரும் கேட்டது. மாவுக் கையைத் துடைத்துவிட்டு அதையும் போட்டேன்.

இதில் என்னைக் குத்துவது என்னவென்றால், போன சொசைட்டி பேரவைக் கூட்டத்தில் ‘யாருக்கும் ஓடிபி சொல்லாதீங்க’ என்று மைக் பிடித்துப் பேசியவளே நான்தான். நான் யாருக்கும் ஓடிபி சொல்லவும் இல்லை. அந்தச் செயலி வாங்கிய எஸ்எம்எஸ் அனுமதி போதும், எனக்கு வருகிற ஓடிபியை அதுவே எடுத்து அனுப்பிவிடும். உண்மையான சலான் சாதாரண எஸ்எம்எஸ்ஸாக வரும், மத்திய அரசின் பரிவாஹன் போக்குவரத்து இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுச் சரிபார்க்கலாம். ஏபிகே ஃபைலாக எந்த அரசு அலுவலகமும் எதையும் அனுப்பாது.

7.41க்கு 49,999 பற்று. 7.44க்கு இன்னொரு 49,999. அந்த டீச்சருக்கு போன் அடித்தேன். “ஐயோ டீச்சர், நான் ஒண்ணும் அனுப்பலியே! காலையில இருந்து என் வாட்ஸ்அப்பே தொறக்க மாட்டேங்கு” என்றார். வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு ஐந்து நிமிஷம் அடுப்படியிலேயே நின்றேன். அப்புறம் மாமியார்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, ஊர்ல யாருக்கும் ஏதாவதா?” என்று கேட்க, அழுதுகொண்டே சொன்னேன்.

வீட்டுக்காரர் போனிலிருந்து வங்கி உதவி எண்ணுக்கு 7.52க்குப் பேசினோம். கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லி, கோரிக்கை எண் வாங்கினோம். அதை தினசரி காலண்டரின் கிழித்த தாளில் நேரத்தோடு எழுதி வைத்தார். அவருக்கு அது பழக்கம், பால் கணக்கும் அதில்தான் எழுதுவார். அந்தத் தாள்தான் பிற்பாடு எனக்கு 24,500 ரூபாய் வாங்கிக் கொடுத்தது.

அடுத்து 1930. இது நாடு முழுக்க உள்ள சைபர் நிதி மோசடி உதவி எண். இரண்டு முறை அடித்து மூன்றாவது முறைதான் லைன் கிடைத்தது. தமிழிலேயே பேசினார்கள். எந்த வங்கி, கணக்கு எண், எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிமாற்ற எண் என்ன என்று கேட்டார்கள். யுபிஐ என்றால் அது 12 இலக்கம். கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் நிமிஷங்கள் மிச்சமாகும். நான் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸாகத் தேடித் தேடிப் படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே, 8.06க்கு, மூன்றாவதாக 24,500 போனது. அப்போதுதான் எதிர்முனையில் இருந்த பெண், “மேடம், அந்தப் போன்ல இருந்து சிம்மை முதல்ல கழட்டுங்க” என்றார். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

1930இல் சொன்னால் என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. திருடனைப் பிடிக்க உடனே யாரும் ஜீப்பில் கிளம்புவதில்லை. நம் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகிறது, அங்கே மிச்சம் இருக்கிற தொகையை நிறுத்தி வைக்கிறார்கள். அதற்குள் ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் போனது போனதுதான். என் முதல் 49,999 அப்படி முழுசாகப் போய்விட்டது. இரண்டாவதில் 38,700 மாட்டியது. அடுப்படியில் நின்ற அந்த ஐந்து நிமிஷத்தை நான் இன்னும் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு.

அன்று ராத்திரி நாத்தனார் மகன் வந்து, “அத்தை, வைரஸ் இருக்கும், மொத்தமா அழிச்சுரலாம்” என்று போனை ரீசெட் செய்துவிட்டான். நல்லதுக்குத்தான் செய்தான். ஆனால் பிறகு போலீஸில் முதலில் கேட்டது அந்த ஃபைலைத்தான். எஸ்எம்எஸ்களும் போயிருந்தன. ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட், காலண்டர் தாள், வீட்டுக்காரர் போனின் அழைப்புப் பட்டியல், அவ்வளவுதான் மிச்சம். அழிக்கும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்திருக்கலாம். எனக்கு வரும் அழைப்புகளை வேறு நம்பருக்குத் திருப்புகிற கால் ஃபார்வர்டிங் எதுவும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, ##002# அடித்து நீக்கியது மட்டும் உருப்படியான வேலை.

மறுநாள் தேர். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, வங்கியும் இருக்காது என்று நான் சுருண்டு படுத்துவிட்டேன். வீட்டுக்காரர் கலெக்டர் அறிவிப்பைத் தேடி எடுத்துக் காட்டினார்: அந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்டதல்ல, அதாவது பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு, வங்கிக்கு இல்லை. ஊரே வடம் பிடிக்க டவுனைப் பார்த்துப் போக, நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த்திசையில் முக்கூடல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம்.

கிளையில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால், “நீங்களே பின் போட்டிருக்கீங்க, பேங்க் பொறுப்பாகாது” என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எழுதிக் கொண்டுபோன கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு போகச் சொன்னார். நகலில் முத்திரை வேண்டும் என்று நின்றேன். முத்திரைப் பெட்டியில் மை காய்ந்து போயிருந்தது. மூன்று தரம் குத்தியும் தேதி விழவில்லை, கடைசியில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அங்கிருந்து போலீஸ். இதில் ஒரு நாள் வீண். பள்ளிக்கூடமும் வங்கியும் முக்கூடலில் என்பதால் மாவட்ட சைபர் கிரைமுக்குப் போனேன். வீட்டு முகவரி பேட்டை என்றதும், “அது சிட்டி லிமிட்டும்மா” என்று மாநகர சைபர் கிரைமுக்கு அனுப்பினார்கள். திருநெல்வேலியில் மாநகரக் காவல் வேறு, மாவட்டக் காவல் வேறு. ஆதார் முகவரியை வைத்து முதலிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். 1930இல் சொன்னபோது வந்த ஒப்புகை எண்ணைக் காட்டியதும் அங்கே வேலை சட்டென்று நடந்தது.

வங்கியோடு நடந்த சண்டைதான் நீளம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. நம் பக்கமும் வங்கி பக்கமும் தவறே இல்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. நம் கவனக்குறைவால் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் தலையில். ஆனால் தெரிவித்த பிறகு போவதெல்லாம் வங்கியின் பொறுப்பு. நான் பின் போட்டது உண்மை, அதை மறைக்கவில்லை. முதல் இரண்டுக்கும் வங்கியை நான் கேட்கவே இல்லை. 7.52க்கு முடக்கச் சொல்லியாயிற்று, 8.06க்கு எப்படிப் போனது? இதை மட்டும் கேட்டேன். வங்கியிலிருந்து இரண்டு வரியில் மறுப்புக் கடிதம் வந்தது. அந்தக் கேள்விக்கு அதில் பதிலே இல்லை.

பிறகு ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, 30 நாள் பதிலே சொல்லாவிட்டாலோதான் அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், இணையத்திலேயே போடலாம். விவரம் கேட்க 14448. முத்திரை விழாத அந்த நகல், மறுப்புக் கடிதம், காலண்டர் தாள், அழைப்புப் பட்டியல் நான்கையும் ஏற்றினேன். நான்காவது மாதம் 24,500 என் கணக்கில் வரவானது. கூட ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

நிறுத்தி வைத்த 38,700க்கு பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 503ஆம் பிரிவு. சைபர் கிரைமில் ஒரு ஏட்டய்யா எதை எதை இணைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எட்டு மாதம் ஆனது. இடையில் ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், 3,000 கட்டுங்கள்’ என்று ஒருவன் போன் செய்தான். என் புகார் விவரம் அவனுக்கு எப்படிக் கிடைத்ததோ. அதுவும் மோசடியேதான், வைத்துவிட்டேன்.

சொசைட்டியில் தவணையைத் தள்ளி வைக்க முடியுமா என்று செயலாளரைக் கேட்டுப் பார்த்தேன். “பணம் உங்க கணக்குல வந்தாச்சுல்லா டீச்சர், அப்புறம் நான் என்ன செய்ய?” என்றார். அது நியாயம்தான். நான் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர்கள் சம்பளத்தில் கை வைப்பார்கள். அன்றைக்கு வேறு ஒன்றும் தெரிந்துகொண்டேன். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் காப்பீடு எங்கள் மாதிரி சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்குக் கிடையாது. சங்கத்தின் மீது குறை என்றால் ரிசர்வ் வங்கிக்குப் போக முடியாது, கூட்டுறவுத் துறைத் துணைப்பதிவாளரிடம்தான் போக வேண்டும். பதினெட்டு வருஷ உறுப்பினர், பேரவைக் கூட்டம் ஒன்று விடாமல் போய் மிக்சரும் காபியும் சாப்பிட்டவள், இதைக் கேட்டதே இல்லை. இப்போது சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. லோன் விழுகிற கணக்குக்கு யுபிஐயும் இல்லை, கார்டும் இல்லை.

ஜாமீன் போட்ட இருவரிடமும் விஷயத்தைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஒருவர், அந்த ஃபைல் வந்த போனுக்குச் சொந்தக்காரரான அதே டீச்சர். அவருக்கும் அன்றைக்கு 9,000 போயிருக்கிறது. வீட்டில் ஏசுவார்கள் என்று புகாரே கொடுக்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு மாநகர சைபர் கிரைமுக்கு நான்தான் போனேன். இந்த முறை முகவரி குழப்பம் இல்லை, அவர் வீடு மேலப்பாளையம்.

மொத்தத்தில் 63,200 திரும்பி வந்தது, 61,298 வரவில்லை. மாடித் தளம் இந்த ஐப்பசி மழைக்கும் ஒழுகியது. சம்பளச் சீட்டில் சொசைட்டிப் பிடித்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் 44 தவணை.