தேடுதலில் முதலில் வந்தவர்
புறநகர்க் குடியிருப்பொன்றில் அடுத்தடுத்துப் பெண்கள் காணாமல் போவதைச் சொல்லும் மர்ம நாவலொன்றை இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்தால்தான் பதற்றம் நீடிக்கும், தெரியாமல் வெடித்தால் அது சில நொடி அதிர்ச்சி மட்டுமே என்று 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்கு அளித்த நேர்காணலில் மர்மப் பட இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியது பலமுறை நினைவுக்கு வந்தது. கதைசொல்லிகள் மாறி மாறிப் பேச, காலமும் முன்னும் பின்னும் நகர, ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாத அந்த இடைவெளியில்தான் இந்நாவலின் அச்சம் வளர்கிறது. தேடுதலுக்கு முதல் ஆளாக வந்து நின்ற அண்டை வீட்டுக்காரரையே நான் கடைசிவரை சந்தேகித்தேன் (அது பொய்த்ததில் சிறு வருத்தமும் உண்டு). இறுதியில் வரும் நீண்ட வாக்குமூலம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை; அதுவரை வாசகரை நம்பிய ஆசிரியர், அங்கே திடீரென எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கிவிடுகிறார்.