மூன்று நாற்காலிகளில் ஒன்று

கொடைக்கானல் மலைக் கிராமமான பூம்பாறையில் பூண்டு காயவைத்துக்கொண்டே 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படித்தேன். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் யார் யார் உட்காரலாம் என்பது அதில்தான் இருக்கிறது. தலைவர், முழுநேர உறுப்பினர் செயலர், அதிகாரிகள் ஐந்து பேர் வரை, உள்ளாட்சிக்கு ஐந்து பேர் வரை, அரசு நிறுவனங்களுக்கு இருவர். அப்புறம் விவசாயம், மீன்வளம், தொழில், வணிகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதிகபட்சம் மூன்றே பேர்!

பாதரசக் கழிவு வெளியே தெரிந்து, கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டபோது எனக்குப் பதினேழு வயது. "ஆலைக்குப் பக்கத்துக் காடு, பாம்பார் சோலை, அத நடந்து பாத்தவங்க யாராவது அந்த வாரியத்துல இருக்காங்களா?" என்று அப்பா கேட்டார்.

அந்த மூன்றில் ஓர் இடம் மலை விவசாயிக்கு வேண்டும். மனு எழுதிவிட்டேன். அடுத்த கிராம சபையில் வாசிக்கப் போகிறேன்.