வெள்ளகவி ஏற்றமும் ஒரு சுனையும்

பெரியகுளத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அந்த மலை முதுகு முழுசாகத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த மலை. போன மார்ச்சில்தான் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலையடிவாரத்துக் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக, கொடைக்கானல் பக்கத்தில் இருக்கும் வட்டக்கானலுக்கு ஏறினேன். கூட வந்தது அத்தை மகன். அனுமதி வாங்கியது, பை கட்டியது எல்லாம் வழக்கமான கதை, அதை விடுகிறேன். தண்ணீரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஆளுக்கு 5 லிட்டர் என்றுதான் முதலில் கணக்குப் போட்டோம். லிட்டருக்கு ஒரு கிலோ. பையைத் தூக்கிப் பார்த்ததும் தோள் இறங்கியது. வழியில் ஓடை இருக்கும் என்று டிசம்பரில் ஏறிய நண்பர் சொல்லியிருந்தார். அதை நம்பி இரண்டு லிட்டரைக் குறைத்துவிட்டேன். தப்பு. இந்தப் பக்கத்துக்குப் பெருமழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கை மேற்கே உள்ள மலைகள் வாங்கிக்கொள்ளும். டிசம்பரில் சலசலத்த ஓடை மாசி முடிவதற்குள் வற்றிவிடும். அதோடு நாம் நடப்பது மலை முதுகில். அங்கே விழுகிற மழை இரண்டு பக்கமும் வழிந்து இறங்கிவிடும், பாதையில் நிற்காது.

பத்து மணிக்கு நண்பர் சொன்ன ஓடை வந்தது. உருண்டைக் கற்கள், சருகு, பாறையில் தண்ணீர் நின்ற வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு என் பாட்டிலில் ஒரு விரல் அளவு மிச்சம். அத்தை மகன் பேச்சை நிறுத்தியிருந்தான். தலை வலிக்கிறது என்று ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மேலேயிருந்து மணிச் சத்தம் கேட்டது. இரண்டு குதிரைகளில் காப்பிக்கொட்டை மூட்டையோடு ஒரு பெரியவர் இறங்கி வந்தார். நாங்கள் போனபோது வெள்ளகவிக்கு ரோடு இல்லை. சாமான் எல்லாம் குதிரையிலும் தலைச்சுமையாகவும்தான் போய் வந்தது.

"ஐயா, மேல ஓடை ஏதாச்சும் இருக்குமா?"

"இந்த மாசத்துல ஓடையத் தேடாதீங்க தம்பி. அந்த மடிப்பப் பாருங்க, அங்க மட்டும் பச்சை கருத்துக் கெடக்குல்ல? அதுக்குள்ள சுனை இருக்கு."

பாதையை விட்டு நூறு அடி இறங்கினோம். பாறையின் அடியில் பாசி, அதன் நுனியில் யாரோ செருகி வைத்த ஓர் இலை. அந்த இலை வழியாக நூல் மாதிரித் தண்ணீர். ஒரு லிட்டர் நிரம்ப ஏழு நிமிடம் ஆனது. துண்டில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு, கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். என் வாழ்க்கையில் நீளமான அரை மணி நேரம் அது. இலையை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். நீங்கள் போனாலும் அதைத் தொடாதீர்கள், அங்கே முகம் கழுவாதீர்கள். குதிரைக்காரர்களுக்கும் அதுதான் தண்ணீர்.

வெள்ளகவி எல்லையில் செருப்பைக் கழற்றினோம். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஓர் அக்கா எதுவும் கேட்காமலே சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார், அப்புறம்தான் கடுங்காப்பி.

மறுநாள் வட்டக்கானலுக்கு முன்னால் சோலைக்காடு. வெயில் உள்ளே இறங்கவில்லை. இந்த மரங்களும் புல்வெளியும்தான் மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கீழே விடுகின்றன. கொடைக்கானல் பக்கம் அந்தப் புல்வெளிகளில் நிறைய இடத்தை வெளிநாட்டு மரங்களான வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் பிடித்துவிட்டன என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. பாதை ஓரத்தில் குனிந்து சருகுக்குள் கையை விட்டேன். வாரக்கணக்கில் மழை இல்லை. மணிக்கட்டு வரை உள்ளே போன கை ஈரமாக வெளியே வந்தது.