ரெண்டும் பவுன்ஸ்தான் சார்

"பவுன்ஸாலயா சார், இல்ல இங்கிலீஷாலயா?"

அவள் இதைக் கேட்டபோது ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பழைய ஏ4 தாள்களை நாலு நாலாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பயிற்சிக்கு விடை எழுதிக் கொடுக்கும் சீட்டுகள். சீசனின் கடைசி க்விஸ் போட்டிக்குப் போகும் மூன்று பேரில் அவள் இல்லை என்பதை நான் கொஞ்சம் முன்னால்தான் சொல்லியிருந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"நான் தேர்ட் இயர் சார்."

"ஓ... ஆமால்ல."

அவ்வளவுதான் பேச்சு. மிச்சமிருந்த தாளையும் கிழித்து முடித்தாள். ரப்பர் பேண்ட் போட்டு என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் தேர்ட் இயர் என்பது எனக்குத் தெரியாதா? வருகைப் பதிவேட்டில் எத்தனை தடவை பார்த்திருப்பேன். வாய் தவறி வந்த வார்த்தை என்றுதான் பல நாள் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஏதாவது சொல்லி அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் போதும் என்று இருந்தது. அதற்கு வசதியான வாக்கியம் அது. எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியது!

பவுன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நம் முறை வரும்வரை காத்திருக்காமல் சீட்டில் விடையை எழுதிக் கொடுத்துப் பாய்வது ஒன்று. யாரும் சொல்லாத கேள்வி அடுத்த அணி, அதற்கடுத்த அணி என்று நகர்ந்துகொண்டே போவது இன்னொன்று. இங்கிலீஷில் முதலாவது pounce, இரண்டாவது bounce, வேறு வேறு வார்த்தை. தமிழில் எழுதினால் இரண்டும் பவுன்ஸ். அவள் நோட்டில் 'பவுன்ஸ் 1', 'பவுன்ஸ் 2' என்று எழுதி வைத்திருந்தாள். "ரெண்டும் பவுன்ஸ்தான் சார், நம்பர் போட்டாத்தான் புரியும்" என்றாள். பவுன்ஸ் 1-தான் ஆபத்து. சரி என்றால் 10, தப்பு என்றால் மைனஸ் 5.

அவள் பாய்கிறவள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பிரிலிம்ஸிலேயே வெளியே வந்தோம். செப்டம்பரில் இரண்டாம் இடம் வந்தோமென்றால் அவள் எழுதிக் கொடுத்த இரண்டு சீட்டுகள்தான் காரணம். அன்றைக்கு வேனில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. பிப்ரவரியில் ஒரே பைனலில் மூன்று தடவை பாய்ந்தாள், மூன்றும் தப்பு. கேப்டன் என்னிடம் வந்து, "அவ பக்கத்துல இருந்தா சீட்டைப் பிடுங்கி வைக்கிறதே வேலையா இருக்கு சார்" என்றான். நான் சிரித்தேன். ஆனால் அது மனதில் உட்கார்ந்துவிட்டது.

ஆக, பவுன்ஸால்தான். இல்லையா?

அவள் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். திரையில் ஆறு வரி இங்கிலீஷ் கேள்வி வந்தால் மற்றவர்கள் முடிக்கும்போது அவள் நாலாவது வரியில் இருப்பாள். ஒருவேளை அதனால்தான் அரைகுறையாகப் படித்துவிட்டுப் பாய்ந்தாளோ என்னவோ. இது இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை. சென்னையில் படித்த காலத்தில் ஆகஸ்ட் 15 வந்தால் லேண்ட்மார்க் க்விஸுக்கு மியூசிக் அகாடமியில் போய் உட்கார்ந்துவிடுவேன். அரங்கமே இங்கிலீஷில் யோசிக்கும், இங்கிலீஷில் சிரிக்கும். க்விஸ் என்றாலே அப்படித்தான் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. அதை நான் உண்டாக்கவில்லை. என் பசங்களைத் தயார் செய்வது மட்டும்தான் என் வேலை. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது சரியாகத்தான் இருக்கிறது.

போட்டியன்று அவளும் வந்தாள். கூப்பிடவில்லை, தானாக வேனில் ஏறி உட்கார்ந்தாள். பாதிப் போட்டி தாண்டியதும் ஒரு கேள்வி: 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதிச் சேதமான அரை டன் பொருள் எது? எங்களுக்கு நேரடியாக வந்த கேள்வி. எங்கள் பசங்க பாஸ் சொன்னார்கள். பக்கத்து அணி 'தியோடலைட்' என்றது. நில அளவைக் கருவி. 1802-இல் சென்னையிலிருந்து இந்தியாவை அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன் கொண்டுவந்தது. அடிபட்டதை அவரே தட்டிக்கொட்டிச் சரி செய்தார் என்று க்விஸ் மாஸ்டர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், வரலாறு படிக்கிறவள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

10 மதிப்பெண்ணில் மூன்றாம் இடத்துக்குப் போனோம். எந்தக் கேள்வியும் அந்தப் பத்தாக இருந்திருக்கலாம். என் மனசு இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டது.

திரும்பும்போது வேனில் கேட்டேன். "அந்தத் தஞ்சாவூர் கேள்வி, உனக்குத் தெரிஞ்சுதாம்மா?"

"தெரியாது சார்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை. ஊர்க்காரி என்றால் தெரிந்தே ஆகவேண்டுமா என்ன? நான் மதுரைக்காரன், மீனாட்சியம்மன் கோயிலைப் பற்றி நாலு கேள்வி கேட்டால் இரண்டுக்கு முழிப்பேன். ஆனாலும் அவள் நோட்டில் லாம்டன் என்ற பெயரைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. உண்மையிலேயே பார்த்தேனா, அப்புறம் நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏப்ரலில் சும்மா இருந்தபோது கணக்குப் போட்டேன். முன்னாலேயே போட்டிருக்க வேண்டியது. சீசன் முழுக்க அவள் 14 தடவை பாய்ந்திருக்கிறாள். 6 சரி, 8 தப்பு. 60 வரவு, 40 செலவு. அணிக்கு 20 லாபம்! அவளுக்குப் பதிலாகப் போன பையன் நாலே தடவை பாய்ந்து நாலும் சரி, 40. பார்த்தீர்களா, அவன்தான் மேல் என்று ஒரு மனசு சொல்கிறது. நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் பாய்கிறவனுக்கு எதற்குப் பாய்ச்சல் என்று இன்னொன்று கேட்கிறது.

ஜூனில் டி.சி. வாங்க வந்தவள் நோ-டியூஸ் படிவத்தில் கையெழுத்துக்காக என்னிடமும் வந்தாள். பேனாவைத் தேடி டிராயரை இழுத்தேன். சீட்டுக் கட்டு மேலேயே இருந்தது, ரப்பர் பேண்ட் போட்டபடி. மறுநாள் பயிற்சிக்கு அதை நான் எடுக்கவேயில்லை. அவள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தத் தஞ்சாவூர் கேள்விக்குப் பசங்க என்ன நெனச்சாங்களாம் சார்?" என்றாள் திடீரென்று.

"பீரங்கின்னு ஒருத்தன் சொன்னானாம். மத்தவங்க வேணாம்னுட்டாங்க."

படிவத்தை வாங்கி இரண்டாக மடித்தாள்.

"நானும் பீரங்கின்னுதான் சார் நெனச்சேன்" என்றாள், வேனில் தெரியாது என்று சொன்னவள்.