தொண்ணூறு ரூபாய்

“இன்னாத்துக்குப்பா இந்தத் தொண்ணூறு ரூபா?”

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் எதிர்வீட்டு அக்கா சம்பளச் சீட்டை நீட்டினார். ஒரு கல்லூரியில் துப்புரவு வேலை, ஒப்பந்தத்தில். சம்பளம் 12,000. பிடித்தம் பிஎஃப் 1,440, ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 90. கணக்கு சரிதான், ஆனால் யூஏஎன், அதாவது பிஎஃப்-க்கு ஆளுக்கு ஒன்றாகத் தரும் நிரந்தர நம்பர், இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும்.

இந்த 90-க்குத்தான் அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் அவருக்கும் பையனுக்கும் வைத்தியம். அது தெரியாமல் போன மாசம் பையன் காய்ச்சலுக்குக் கடன் வாங்கித் தனியார் கிளினிக்கில் கட்டியிருக்கிறார்.

“பழைய காண்ட்ராக்டர் போயிட்டாரு, அந்தப் பிஎஃப் பணமும் போச்சு”ன்னு சூப்பர்வைசர் சொன்னாராம். எங்கே போகும்? காண்ட்ராக்டர் எத்தனை பேர் மாறினாலும் யூஏஎன் ஒன்றுதான். காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டால் கல்லூரி பொறுப்பேற்றுக் கட்ட வேண்டும், சட்டத்திலேயே இருக்கிறது. வாசலில் கல்லூரிகளுக்குத் தரும் நாக் (NAAC) தரச்சான்று போர்டு மட்டும் ஆளுயரத்துக்கு வைக்கத் தெரிகிறது!

அப்புறம் அக்கா போனிலிருந்தே 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்தோம், பிஎஃப் இருப்பு எவ்வளவு என்று மெசேஜ் வர வேண்டும். வரவில்லை. ஃபார்மை நிரப்பியது சூப்பர்வைசராம், யார் நம்பரைப் போட்டாரோ.

திங்கட்கிழமை ஆதாரோடு பிஎஃப் ஆபீஸ் போகலாம்க்கா என்றேன். ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் கட், அதையும் யோசிக்கணுமே என்கிறார்.